'ஹார்ட்லி' செய்த கோளாறு

சென்ற மாதம் ஓர் இளைஞர் தம் வேலை விண்ணப்பக் கடிதத்தைத் திருத்தித் தரும்படி என்னிடம் கொண்டுவந்தார். இரண்டாம் பத்தியில் 'ஐ வொர்க் ஹார்ட்லி' என்று எழுதியிருந்தார். கடுமையாக உழைப்பேன் என்று சொல்ல நினைத்திருக்கிறார். படிக்கும் அதிகாரிக்கோ, 'நான் வேலை செய்வதே அரிது' என்றுதான் பொருள்படும். பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச், அதாவது சொல்வகைகள், எத்தனை என்று கேட்டேன். எட்டுப் பெயர்களையும் ஒரே மூச்சில் ஒப்பித்தார்.

பதினைந்து ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பிக்கிறேன். இப்படி மனப்பாடம் செய்தவர்கள்தாம் வாக்கியத்தில் அதிகம் தடுமாறுகிறார்கள். குறை அவர்களுடையதன்று, நாம் கற்பித்த விதத்தில் இருக்கிறது.

தமிழில் 'கடுமை'யோடு 'ஆன' சேர்த்தால் பெயரடை (அட்ஜெக்டிவ்), 'ஆக' சேர்த்தால் வினையடை (அட்வெர்ப்). ஆங்கிலத்தில் 'லி'தான் அந்த 'ஆக' என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். ஸ்லோ, ஸ்லோலி என்ற வரையில் அது சரி. ஆனால் 'ஹார்ட்', 'ஃபாஸ்ட்' இரண்டும் உருமாறாமலே அட்ஜெக்டிவாகவும் அட்வெர்பாகவும் நிற்கும். 'ஃபிரெண்ட்லி' என்பது 'லி'யில் முடிந்தும் அட்ஜெக்டிவ்தான்.

தமிழ்ச் சொல் பெரும்பாலும் தன் வகையை விகுதியிலும் உருபிலும் சுமந்துவருகிறது. 'படிக்கிறேன்' என்பதை வாக்கியத்தில் எங்கே வைத்தாலும் அது வினைதான். ஆங்கிலச் சொற்கள் பலவற்றுக்கு அந்த அடையாளம் கிடையாது. அவை நிற்கும் இடமே வகையைச் சொல்லும். 'ரவுண்ட்' என்ற ஒரு சொல்லைப் பாருங்கள். 'அ ரவுண்ட் டேபிள்' என்றால் அட்ஜெக்டிவ். 'தி ஃபைனல் ரவுண்ட்' என்றால் நவுன். 'ரவுண்ட் தி கார்னர்' என்னும்போது பெயருக்கு முன் நின்று உறவு காட்டும் பிரிபொசிஷன், 'டர்ன் ரவுண்ட்' என்னும்போது அட்வெர்ப். கப்பல் ஒரு முனையைச் சுற்றிச் சென்றதைச் சொல்ல 'ரவுண்டட்' என்றால் அதுவே வெர்ப். இதை எந்தப் பட்டியலில் எழுதி மனப்பாடம் செய்வது?

எட்டு என்ற எண்ணும் மாறாத ஒன்றன்று. கிரேக்க இலக்கணத்தில் எட்டு வகைகள் இருந்தன. லத்தீனில் ஆர்ட்டிகிள் (ஆங்கிலத்தின் 'அ', 'தி' போன்ற சொல்) இல்லாததால் அதை விட்டு, வியப்புச் சொல்லாகிய இன்டர்ஜெக்‌ஷனைத் தனி வகையாக்கினார்கள். இன்றைய ஆங்கில இலக்கணங்கள் 'தி', 'மை' போன்று பெயருக்கு முன் நின்று எது, யாருடையது என்று சுட்டுபவற்றை டிடர்மினர் என்று பிரிக்கின்றன. தொல்காப்பியம் பெயர், வினை, இடை, உரி என்று நான்காகப் பகுத்தது. தமிழ் வகுப்பில் நான்கையும் ஆங்கில வகுப்பில் எட்டையும் படிக்கும் பிள்ளைக்கு, இரண்டையும் ஒப்பிட்டுக் காட்ட ஆளில்லை என்பது எனக்குப் பெரும் வருத்தம். 'வீட்டில்' என்பதில் 'இல்' உருபு பின்னால் நின்று செய்யும் வேலையைத்தான் 'இன்' முன்னால் நின்று செய்கிறது என்று ஒருமுறை காட்டினால் போதும், பிரிபொசிஷன் பற்றிய அச்சம் பாதி குறைந்துவிடும். அதற்காக எல்லா உருபையும் அப்படியே பெயர்க்கவும் கூடாது. 'பற்றி'யை நினைத்துக்கொண்டுதான் நம்மவர்கள் 'டிஸ்கஸ் அபவுட்' என்கிறார்கள். 'டிஸ்கஸ்' என்ற வெர்புக்கு 'அபவுட்' தேவையே இல்லை.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். 'ஃபாஸ்ட் என்ன வகை?' என்று பிள்ளை கேட்டால் உடனே விடை சொல்லாதீர்கள். எந்த வாக்கியத்தில் என்று திருப்பிக் கேளுங்கள்.

அந்த இளைஞரிடமும் அப்படித்தான் கேட்டேன். 'ஹார்ட்லி'யை அடித்து 'ஹார்ட்' என்று எழுதினார். பேனாவை மூடப்போனவர் நிறுத்தி, மூன்று வரி கீழே 'ஐ நெவர் கம் லேட்லி' என்றிருந்ததில் கடைசி 'லி'யையும் தாமே அடித்தார்.