பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று யார் சொன்னது?

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது டாக்டர், சின்னப் பிள்ளை" என்று எங்கள் மனநல வெளிநோயாளர் பிரிவில் (ஓ.பி.) ஓர் ஆச்சி சொன்னபோது, அந்தச் சின்னப் பிள்ளைதான் ஓ.பி. சீட்டையும் மாத்திரைக் கவரையும் கையில் வைத்திருந்தாள். எட்டாம் வகுப்பு. மனநோய்க்குச் சிகிச்சை எடுக்கும் அவள் அம்மா இரவில் எத்தனை மணிக்கு எழுந்து உலாத்துகிறார், எந்த மாத்திரையை வாயில் அடக்கிவைத்துத் துப்புகிறார், எதிர்வீட்டுக்காரர்கள் மேல் எப்போது சந்தேகம் வந்தது என்று நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னதும் அவள்தான். ஆச்சிக்கு மாத்திரையின் நிறம்கூடத் தெரியவில்லை.

சாப்பாட்டில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்பது அம்மாவின் பயம். அதனால் தினமும் மகள் முதலில் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். அம்மா மாத்திரை போட மறுத்த பிறகு, அதைப் பொடித்து ரசத்தில் கலக்கும் வேலையும் மகளிடமே வந்துவிட்டது. "அவ கையால குடுத்தாத்தான் குடிக்கிறா" என்றார் தாய்மாமா, கொஞ்சம் பெருமையாகவே. வகுப்பில் தூங்கி விழுகிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். குடித்துக் காட்டிய ரசத்தோடு எத்தனை மில்லிகிராம் அவள் வயிற்றுக்குள் போயிருக்கும் என்று கணக்குப் போட எனக்குத் தெம்பில்லை.

ஊர், வயது, உறவுமுறை எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். இருந்தாலும் இதைப் படிக்கும் பலருக்குத் தங்கள் தெருவில் ஒரு வீடு ஞாபகம் வரும்.

முதலில் இந்த "ஒண்ணும் தெரியாது" விவகாரத்தைப் பேசித் தீர்த்துவிடுவோம். எனக்கு இதுதான் பெரிய எரிச்சல்.

நான்கு வயதுப் பிள்ளைக்கு அம்மாவின் முகத்தைப் பார்த்தே அன்றைக்கு அடி விழுமா, கொஞ்சல் கிடைக்குமா என்று தெரியும். ஏழு வயதில், அப்பா சுவரைப் பார்த்துப் பேசுவது மற்ற வீடுகளில் நடப்பதில்லை என்று தெரியும். பத்து வயதில், இதை வெளியே சொல்லக் கூடாது என்பதும் தெரிந்துவிடும். யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வீட்டுக்கு ஆள் வந்தால் பெரியவர்கள் கதவைச் சாத்துவதைப் பார்த்தே கற்றுக்கொள்ளும். நடப்பதெல்லாம் பிள்ளைக்குத் தெரியும். ஏன் நடக்கிறது என்பதுதான் தெரியாது. காரணத்தை நாம் சொல்லவில்லை என்றால் பிள்ளை சும்மா இருக்காது, தானே ஒன்றைக் கண்டுபிடிக்கும். அது கண்டுபிடிக்கும் காரணம் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். "நான் அன்னைக்குக் கோபமா பேசிட்டேன், அதுலேருந்துதான் அம்மா இப்படி." "நான் பெயில் ஆனதாலதான் அப்பாவுக்கு இது வந்துச்சு." இந்த இரண்டு வாக்கியத்தையும் வேறு வேறு பிள்ளைகள் வாயில் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன்.

பெரியவர்கள் அதற்கு எண்ணெய் வேறு ஊற்றுகிறார்கள். "நீ சேட்டை பண்றதாலதான் அம்மாவுக்கு முடியாமப் போகுது." "நீ நல்லா படிச்சா அப்பா சரியாயிடுவார்." இரண்டாவது வாக்கியத்தை ஊக்கம் கொடுப்பதாக நினைத்துச் சொல்கிறார்கள். பிள்ளையும் விழுந்து விழுந்து படிக்கும், முதல் ரேங்க் வாங்கும். அப்பாவுக்கு நோய் குறையாது. அடுத்து அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்? இல்லாத குரல் கேட்கும், வீண் சந்தேகம் வரும் மனச்சிதைவும், அதீத உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோயும் மார்க் ஷீட் பார்த்துப் போவதில்லை. தயவுசெய்து இந்தப் பேச்சை இன்றோடு நிறுத்துங்கள்.

சரி, பிள்ளையிடம் என்ன சொல்வது? பாடம் எடுக்க வேண்டாம். நோயின் பெயர்கூடச் சின்ன வயதில் தேவையில்லை. "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. காய்ச்சல்னா தொட்டுப் பார்த்தா தெரியும், இது அப்படித் தெரியாது. மனசுல வர்ற நோய். அதனாலதான் யாரும் பேசாதபோதும் யாரோ பேசற மாதிரி அம்மாவுக்குக் கேக்குது. டாக்டர் மாத்திரை குடுத்திருக்கார். நீ செஞ்ச எதனாலும் இது வரலை. இதைச் சரிபண்றது உன் வேலையும் இல்லை. பயமா இருந்தா மாமாகிட்ட சொல்லு." இவ்வளவு போதும். ஒரே நாளில் சொல்லி முடிக்கவும் வேண்டாம், பிள்ளை திரும்பக் கேட்கும்போது திரும்பச் சொல்லுங்கள். நோய் கட்டுக்குள் இருக்கும் நாளில் அம்மாவோ அப்பாவோ தாங்களே சொன்னால் அதைவிட நல்லது. ஓ.பி.யில் அப்படிச் சொன்ன தகப்பன்களைப் பார்த்திருக்கிறேன். கை நடுங்கும், குரல் உடையும், ஆனால் சொல்லி முடித்துவிடுவார்கள்.

வளர்ந்த பிள்ளை வேறு ஒன்றைக் கேட்கும்: "எனக்கும் வருமா?" மழுப்பாதீர்கள். பெற்றோரில் ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 10. பொதுவாக மக்களிடையே அது 1. கூடுதல்தான், மறைக்க ஒன்றுமில்லை. அதே கணக்கில் 90 பேருக்கு வருவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கஞ்சா பக்கமே போகாதே, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, வித்தியாசமாக ஏதாவது தோன்றினால் உடனே வந்து பார் என்று நான் அவர்களிடம் சொல்வதுண்டு.

இப்போது அந்த ரசத்துக்கு வருகிறேன். மாத்திரையை ஒளித்துக் கொடுப்பது எவ்வளவு வீடுகளில் நடக்கிறது என்று எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். வேறு வழியில்லாமல் செய்கிறார்கள், அந்தக் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் சாப்பாட்டில் கலக்கிறார்கள் என்று பயப்படும் ஒருவருக்குச் சாப்பாட்டில் கலந்தே கொடுத்தால், அவருடைய பயத்தை நீங்களே உண்மையாக்குகிறீர்கள். அதுவும் அவர் நம்பும் ஒரே கையை வைத்து. ஒரு நாள் டம்ளரின் அடியில் வெள்ளைப் பொடி தங்கியிருப்பதை அவர் பார்ப்பார். அன்றோடு மகளையும் நம்ப மாட்டார். மாத்திரை போட மறுக்கிறார் என்றால் மறைக்காமல் எங்களிடம் சொல்லுங்கள். எதற்காக மறுக்கிறார் என்று முதலில் கேட்போம். கை கால் இறுக்கம், எச்சில் வடிவது, உடல் எடை கூடுவது என்று பெரும்பாலும் நியாயமான காரணம் இருக்கும். மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம். அவர் சம்மதித்தால் இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒரு முறை போடும் ஊசியும் இருக்கிறது. எப்படியானாலும் மாத்திரை கொடுப்பது வீட்டிலுள்ள பெரியவர் வேலை. பிள்ளையிடம் அந்தக் கவரைக் கொடுக்காதீர்கள்.

மருந்து கொடுக்கும் நேரத்தையும் கொஞ்சம் பாருங்கள். இரவு பதினொரு மணிக்கு டிவி எல்லாம் அணைத்த பிறகு மாத்திரை கொடுத்துவிட்டு, "காலைல எட்டு மணி வரைக்கும் தூங்குறா, பிள்ளைக்கு ஒரு டிபன்கூடக் கட்ட மாட்டேங்குறா, சோம்பேறி" என்று புகார் சொல்கிறார்கள். அதே மாத்திரையை எட்டு மணிக்கே கொடுத்தால் பல பேர் காலையில் எழுந்துவிடுகிறார்கள். இதை எங்களைக் கேட்டே மாற்றலாம். எழுந்து இரண்டு இட்லி அவித்து மகளுக்குக் கட்டிக் கொடுத்த நாளில் அந்த அம்மாவுக்கு வரும் தெம்பை எந்த மாத்திரையும் தராது.

எங்கள் துறை ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. புது நோயாளி வந்தால் மூன்று தலைமுறைக்கு, ஆணுக்குக் கட்டமும் பெண்ணுக்கு வட்டமுமாகக் குடும்பப் படம் வரைகிறோம். சித்தப்பாவுக்கு இருந்ததா, பாட்டி தற்கொலை செய்துகொண்டாரா என்று துருவித் துருவிக் கேட்கிறோம். கீழ் வரிசையில் இருக்கும் அந்தச் சின்ன வட்டம் காலையில் சாப்பிட்டதா என்று கேட்பதில்லை. அரசுத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவுத் திட்டம் இருக்கிறது, 2022இல் வந்தது. ஆறாம் வகுப்புக்குப் போன பிள்ளைக்கு அந்த ஒரு வேளையும் போய்விடுகிறது. ஓ.பி.யில் கூட்டம் அதிகம், நேரமில்லை என்பது எனக்கும் தெரியும். "வீட்டில் எத்தனை பிள்ளைகள், என்ன வயது, இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள்" என்று கேட்க ஒரு நிமிடம் போதும். நார்வேயில் இதை 2010 முதல் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். பெற்றோர் தீவிர மனநோய்க்கோ போதைப் பழக்கத்துக்கோ சிகிச்சைக்கு வந்தால், மைனர் பிள்ளைகளின் தேவையைக் கவனிப்பது அங்கே மருத்துவப் பணியாளரின் கடமை. பின்லாந்தில் நோயாளியான பெற்றோருடன் உட்கார்ந்து அவர்களின் பிள்ளையைப் பற்றி மட்டுமே பேசும் முறையைப் பல வருடமாகக் கடைப்பிடிக்கிறார்கள். நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், கேஸ் ஷீட்டில் ஒரு வரி சேர்த்தாலே போதும். தகப்பன்களிடமும் கேளுங்கள். ஆண் நோயாளியிடம் வேலைக்குப் போகிறாயா, குடிக்கிறாயா என்று கேட்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். அவருக்கும் பிள்ளை இருக்கிறது.

அடுத்து, பிரிப்பது. நோய் என்று தெரிந்த உடனே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அத்தை வீட்டிலோ விடுதியிலோ விடுவதை நம் குடும்பங்கள் முதல் சிகிச்சையாக நினைக்கின்றன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? மனநல மருத்துவமனையில் சேர்ந்திருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கவே கூடாது. தாயால் குழந்தைக்கு ஆபத்து என்றால் தற்காலிகமாகப் பிரிக்கலாம். அப்போதும் 15 நாளுக்கு ஒரு முறை, பிரிவு இன்னும் தேவையா என்று பார்க்க வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயையும் சேயையும் சேர்த்தே வைத்துப் பார்க்கும் வார்டு 2009 முதல் நடக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு முதல் இரண்டு வாரத்தில் திடீரென வரும் கடுமையான மனநோய், ஆயிரம் பிரசவத்தில் ஒன்று இரண்டு பேருக்கு வருவது, நல்ல சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலும் நன்றாகவே குணமாகும். குணமாகி வீட்டுக்கு வரும்போது குழந்தை வேறு யாரையோ அம்மா என்று தேடினால், அந்தப் பெண் எதற்காக மாத்திரை போட வேண்டும் என்று நினைக்க மாட்டாளா?

பாலூட்டக் கூடாது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். சில மருந்துகளுக்கு எச்சரிக்கை தேவை, பலவற்றுக்குத் தடையில்லை. கர்ப்பம் என்று தெரிந்ததும் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்துவது அதைவிட மோசம்.

ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. "பிள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போய்ச் சேர்ந்துடறேன்", "இது என் குழந்தையே இல்லை, மாத்திட்டாங்க", "குரல் சொல்லுது, குழந்தையை ஏதாவது செய்னு" என்ற மாதிரி ஒரு வார்த்தை காதில் விழுந்தாலும் தாயையும் பிள்ளையையும் தனியே விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்கு வாருங்கள். நாள் பார்க்காதீர்கள். கோவிலுக்கோ தர்காவுக்கோ போக வேண்டும் என்றால் பிறகு போய்க்கொள்ளலாம். நடு இரவானாலும் 14416 என்ற எண்ணில் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் ஆட்கள் தமிழில் பேசுவார்கள். பிள்ளைக்கு ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

நோய் அடங்கியிருக்கும் காலத்தில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, யாரும் செய்வதில்லை. மறுபடி வந்தால் பிள்ளை எந்த வீட்டில் படுக்கும், யார் பள்ளிக்குக் கூட்டிப்போவார்கள், எந்த டீச்சருக்கு மட்டும் விஷயம் தெரியும் என்று நோயாளியையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டே பேசி ஒரு தாளில் எழுதுங்கள். டீச்சர் ஒருவர் போதும், வகுப்புக்கே சொல்லிவிட்டால் "மெண்டல் வீட்டுப் பிள்ளை" என்ற பட்டம்தான் மிஞ்சும். தனக்கு என்ன சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று நோயாளி முன்கூட்டியே எழுதிவைக்கவும், தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் அதே 2017 சட்டத்தில் இடம் இருக்கிறது. நியமிக்கப்படுபவர் மைனராக இருக்கக் கூடாது. ஆகவே எட்டாம் வகுப்புப் பிள்ளையை மட்டும் சீட்டோடு அனுப்பிவைத்தால் எங்களுக்கும் ஒன்றும் ஓடாது.

பணக் கஷ்டம் இருக்கும் வீடு என்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் பெற்றோர் இருந்தால், மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவுக்கு விண்ணப்பிக்கலாம். வருமான வரம்பு உண்டு: கிராமம் என்றால் ஆண்டுக்கு 72,000 ரூபாய், நகரம் என்றால் 96,000. நோய்க்கான சான்றிதழை எங்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டே திரும்பிப் போகிறவர்கள்தான் அதிகம்.

அடுத்த தடவை வரும்போது பிள்ளையையும் ஒரு பெரியவரையும் சேர்த்துக் கூட்டி வாருங்கள். பள்ளி நாளில் வேண்டாம். சனிக்கிழமையும் எங்கள் ஓ.பி. உண்டு. பிள்ளையிடம் தனியே பத்து நிமிடம் பேச எங்கள் சமூகப் பணியாளர் இருக்கிறார். பெரியவர்கள் அந்த நேரம் வெளியே பெஞ்சில் உட்கார வேண்டும், கதவைத் திறந்து "என்ன சொன்னா?" என்று கேட்கக் கூடாது.