பெயரில்தான் தசை, வேலையெல்லாம் நரம்பில்

இடுப்பு பிடித்துக்கொண்டது, கழுத்தைத் திருப்ப முடியவில்லை என்று போனால் டாக்டர் 'தசை தளர்த்தி' மாத்திரை எழுதித் தருவார். பெயரைக் கேட்டால், அது நேராகத் தசைக்குப் போய் இறுக்கத்தை அவிழ்ப்பதாகத் தோன்றும். டான்ட்ரோலீன் போன்ற ஒன்றிரண்டைத் தவிர, இந்த மாத்திரைகள் தசையைத் தொடுவதே இல்லை. அவை வேலை செய்வது மூளையிலும் தண்டுவடத்திலும். அளவு மிஞ்சினால் உயிருக்கே ஆபத்தாவது இதனால்தான்.

அறுவை சிகிச்சையின்போது ஊசியில் போடும் தசை தளர்த்திகள் வேறு வகை. நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தை மட்டும் அவை அடைக்கும். 1940-களில் ஸ்காட் ஸ்மித் என்ற மயக்கவியல் மருத்துவர் இந்த வகையைச் சேர்ந்த குராரே மருந்தைத் தனக்கே போடச் சொல்லிச் சோதித்தார். விரலைக்கூட அசைக்க முடியவில்லை, மூச்சையும் பிறர்தான் கொடுத்தார்கள். ஆனால் சுற்றி நடந்ததையெல்லாம் பிறகு அவர் சொன்னார். நினைவு தப்பவே இல்லை. மாத்திரையில் கதை தலைகீழ்: அங்கே முதலில் அடங்குவது மூளை.

பேக்லோஃபெனை எடுத்துக்கொள்வோம். 1962-ல் சுவிட்சர்லாந்தில் வலிப்பு நோய்க்காக உருவாக்கிய மருந்து இது. வலிப்புக்குச் சரிப்படவில்லை. தண்டுவடக் காயத்தால் விறைத்துப்போன கைகால்களைத் தளர்த்துவதில்தான் அது பேர் வாங்கியது.

முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டினால் கால் தானாக உதறுமே, அந்தச் செய்தி தண்டுவடம் வரை போய் அங்கிருந்தே திரும்பிவிடுகிறது. மூளையிலிருந்து வரும் கட்டுப்பாடு அதை அளவோடு வைத்திருக்கும். அந்த இணைப்பு சிதைந்தால் சின்ன அசைவுக்கே தசை வெட்டி இழுக்கும். அந்தக் கட்டுப்பாட்டின் வேலையை பேக்லோஃபென் ஏற்கிறது. நரம்புகளை அடக்கும் 'காபா' என்ற வேதிப்பொருள் வந்து ஒட்டும் 'காபா-பி' ஏற்பிகளில் உட்கார்ந்து, செய்தி அனுப்பும் நரம்பு முனைக்குள் கால்சியம் நுழைவதைக் குறைக்கிறது. கால்சியம் இல்லாமல் அந்த முனையால் தூண்டும் வேதிப்பொருளை வெளிவிட முடியாது. செய்தி வாங்கும் செல்லிலோ பொட்டாசியத்தை வெளியே போகவிடுகிறது. அதன் பிறகு அந்த செல்லை உசுப்புவதே கடினம்.

சரி, அளவு கூடினால்? இந்த ஏற்பிகள் தண்டுவடத்தில் மட்டுமா இருக்கின்றன, மூளை முழுக்க இருக்கின்றன. முதலில் தூக்கமும் குழப்பமும், அப்புறம் கோமா. கைகால் துவண்டுவிடும், சுத்தியலால் தட்டினாலும் கால் உதறாது. மூளைத்தண்டு மந்தமாவதால் மூச்சு சுருங்கும், இதயத் துடிப்பு குறையும், உடம்பு சில்லிடும். இத்தனை அடங்கிய மூளையில் வலிப்பும் வரலாம். நரம்புகளை அடக்கிவைக்கும் நரம்புகளிலும் இதே ஏற்பி இருப்பதால், காவலாளியும் சேர்ந்து தூங்கிவிடுகிறான்.

கோமா ஆழமானால் டார்ச் அடித்தாலும் கண்ணின் பாவை சுருங்காது, தொண்டையைத் தூண்டினாலும் இருமல் வராது. மூளை அலைப் பதிவில் நீண்ட மௌனமும் இடையிடையே சிறு வெடிப்பும்தான் தெரியும். பார்ப்பதற்கு மூளைச்சாவு மாதிரியே இருக்கும். இந்த நிலையிலிருந்து சில நாளில் கண் விழித்து முழுதாகத் தேறியவர்கள் உண்டு. அதனால்தான், மூளைச்சாவுப் பரிசோதனைக்கு முன் மருந்தின் பாதிப்பு எதுவும் மிச்சமில்லை என்று உறுதி செய்தே ஆகவேண்டும். இந்த விஷயத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

இதற்கென்று முறிவு மருந்து இல்லை. சில வகைத் தூக்க மாத்திரை நஞ்சுக்குக் கொடுக்கும் ஃபுளுமாசெனில் 'காபா-ஏ' என்ற வேறு ஏற்பியில் வேலை செய்வது, இங்கே உதவாது. வென்டிலேட்டரில் மூச்சைக் காத்துக்கொண்டு பொறுத்திருக்க வேண்டும். ரத்தத்தில் அளவு குறைந்த பிறகும் மூளையிலிருந்து மருந்து மெல்லத்தான் இறங்கும்.

சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அளவு மிஞ்சுவது இன்னும் எளிது. பேக்லோஃபெனின் பெரும்பகுதி மாறாமல் சிறுநீரில்தான் வெளியேறுகிறது. அந்த வழி அடைபட்டிருந்தால், மற்றவர்களுக்குச் சாதாரணமான 5 மில்லிகிராம் மாத்திரைகூட ஆளைக் குழப்பத்தில் தள்ளலாம். இவர்களுக்கு டயாலிசிஸ் நன்றாகக் கைகொடுக்கும்.

நெடுநாள் இதைச் சாப்பிட்டவர் என்றால், விழித்த பிறகும் கண்காணிப்பு தொடரும். மருந்து ஒரேயடியாகக் காலியானதும் நரம்புகள் கட்டவிழ்ந்து கிளம்பும்: விறைப்பு, காய்ச்சல், இல்லாததெல்லாம் கண்ணில் தெரிவது, மறுபடி வலிப்பு. அப்போது டாக்டர்கள் அதே மருந்தைக் கொஞ்சமாகத் திரும்பத் தொடங்குவார்கள்.