பாக்ஸ் மாட்டும் முன் வண்டியின் மூச்சைப் பாருங்கள்

ஸ்கார்பியோ, தார் வைத்திருப்பவர்கள் பட்டறைக்கு வந்ததும் கேட்கிற கேள்வி: "சிப் போட்டா எவ்வளவு பவர் ஏறும்?" சிப், பாக்ஸ் என்று சொல்வது, டீசலைக் கூடுதலாகப் பீய்ச்சவைக்கும் சிறு மின்னணுப் பெட்டியை. மகிந்திராவின் 2.2 லிட்டர் எம்ஹாக் டீசல் என்ஜினைப் பொறுத்தவரை ஏற இடம் இருக்கிறது. 2179 சிசி கொண்ட இந்த என்ஜின் ஸ்கார்பியோவில் முதலில் 120 குதிரைத்திறன், 290 நியூட்டன் மீட்டர் டார்க்கோடு (சுழற்றும் விசை) வந்தது. 2017-இல் அதே ஸ்கார்பியோவில் 140, 320 ஆனது. 2018-இல் எக்ஸ்யூவி500-இல் 155, 360 வரை போனது. ஆனால் 155-க்குப் போனபோது கம்பெனி மென்பொருளை மட்டும் மாற்றிவிட்டு நிற்கவில்லை; வேன்களை (புகையோட்டத்தைத் திருப்பும் சிறு தகடுகள்) மின்சாரத்தால் நகர்த்தும் டர்போவையும் கொடுத்தது; டர்போ என்பது புகையின் வேகத்தில் சுழன்று காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் கருவி. எட்டு வருடம் ஓடிய ஹோஸ், கரி படிந்த டர்போ, சேறு அடைத்த ரேடியேட்டர் ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொண்டு மேலே ஒரு பெட்டியை மட்டும் மாட்டுவது வேறு கதை. அந்த வண்டிகள்தான் சில மாதத்தில் கெட்டுப்போன பிஸ்டனோடு திரும்பி வருகின்றன.

பெட்ரோல் பழக்கத்தில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்ரோல் என்ஜினில் எரிபொருளைக் கொஞ்சம் கூட்டினால் எரிப்பு அறை குளிரும். டீசலில் கூட்டினால் சூடு ஏறும். ஒரு கிலோ டீசல் முழுதாக எரியக் கணக்குப்படி சுமார் 14.5 கிலோ காற்று வேண்டும். ஆனால் டீசல் பீய்ச்சப்பட்ட பிறகுதான் காற்றோடு கலக்கிறது என்பதால் நடைமுறையில் அதைவிட அதிகக் காற்று தேவை. விகிதம் 18-க்குக் கீழே இறங்கினால் கரும்புகை தெரிய ஆரம்பிக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பின்னால் கறுப்பாக மேகம் கிளம்புவதைப் பவர் என்று நினைத்துப் பெருமைப்படுகிறவர்கள் உண்டு. அது எரியாமல் வெளியே போகிற டீசல். அதற்கும் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

ஆகவே காற்று, சூடு, கடைசியாக எரிபொருள் என்ற வரிசையில்தான் வேலை நடக்க வேண்டும்.

இருப்பதைச் சரிபார்ப்பது

வண்டி "பிக்கப் இல்லை" என்று வந்தால் பாதி நேரம் புதிதாக எதுவும் தேவைப்படாது. தொலைந்துபோன பவரை மீட்டாலே போதும். முதலில் காற்றுக் கசிவுச் சோதனை. ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பிறகு டர்போவுக்குள் போகும் குழாயைக் கழற்றி, பிவிசி மூடியில் டியூப் வால்வு பொருத்தி அடைத்து, 1 முதல் 1.2 பார் வரை மெதுவாகக் காற்று ஏற்றுங்கள். இணைப்புகள் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். இன்டர்கூலர் (டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் பெட்டி) ஹோஸின் அடிப்பக்கம், கிளாம்ப் அழுத்திய இடம், இன்டர்கூலரின் பிளாஸ்டிக் முனை சேரும் விளிம்பு ஆகிய மூன்றில்தான் பெரும்பாலும் குமிழி வரும். என்ஜின் சும்மா நிற்கும்போது ஹோஸ் நன்றாகத் தெரியும், பூஸ்ட் (டர்போ ஏற்றும் காற்றழுத்தம்) ஏறினால் மட்டும் பிளக்கும். கண்ணால் பார்த்துச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். புது ஹோஸ் போடும்போது திருகுப்பட்டை கிளாம்புக்குப் பதில் டி-போல்ட் கிளாம்ப் போடுங்கள்.

அடுத்தது டர்போவின் வேன்கள். வேன்களை உறிஞ்சு அழுத்தத்தால் நகர்த்தும் வேக்குவம் ஆக்சுவேட்டர் உள்ள டர்போவில் கைப்பம்பை மாட்டி உறிஞ்சினால் தண்டு முழு தூரமும் வழுக்கிக்கொண்டு நகர வேண்டும், ஒரு நிமிடம் அப்படியே நிற்க வேண்டும். இடையில் திக்கினால் உள்ளே கரி. வேன் திறந்த நிலையில் சிக்கினால் நிமிடத்துக்கு 2000 சுழற்சி வரை வண்டி செத்ததுபோல் இருக்கும். மூடிய நிலையில் சிக்கினால் பூஸ்ட் எகிறி இசியூ (என்ஜினை ஆளும் கணினி) பவரைக் குறைத்துத் தற்காத்துக்கொள்ளும் லிம்ப் மோடுக்குப் போகும். வேக்குவம் ஹோஸில் ஒரு மயிரிழை வெடிப்பும் முதலில் சொன்ன அறிகுறியைக் காட்டும் என்பதால் டர்போவைக் கழற்றும் முன் அந்தச் சின்னக் குழாய்களை மாற்றிப் பாருங்கள். வேன் நிறுத்தத் திருகில் யாரும் ஸ்பானரை வைக்கக் கூடாது. அது காற்றோட்ட மேசையில் அளந்து வைத்தது.

டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு ரிட்டர்ன் (மிச்ச டீசல் திரும்பும் குழாய்) சோதனை போதும். நான்கின் ரிட்டர்ன் குழாய்களையும் நான்கு ஒரே மாதிரிக் குப்பிகளில் விட்டு, என்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு அளவைப் பாருங்கள். ஒன்றில் மட்டும் மற்றவற்றைவிட இரு மடங்கு சேர்ந்தால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்திருக்கிறது. தேய்ந்த இன்ஜெக்டரோடு ரீமேப் (இசியூ மென்பொருளை மாற்றி எழுதுவது) போட்டால் அந்த ஒரு சிலிண்டர்தான் முதலில் போகும். மாற்றிய இன்ஜெக்டரின் மேல் பொறித்த குறியீட்டை ஸ்கேனர் வழியாக இசியூவில் ஏற்ற மறந்துவிட்டு, "புதுசு போட்டும் தட்டுது" என்று அலைகிற வண்டிகளும் வருகின்றன.

காற்று உள்ளே போகும் இன்டேக் மெனிஃபோல்டைக் கழற்றிப் பாருங்கள். இஜிஆர் (புகையில் ஒரு பங்கை மறுபடி உள்ளே விடும் வால்வு) வழியாக வரும் கரியும் என்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து தாராகக் கெட்டிப்பட்டு வழியைப் பாதி அடைத்திருக்கும். கழுவி மாட்டினாலே கீழ்ச் சுழற்சியில் வித்தியாசம் தெரியும். எண்ணெய் ஆவியைப் பிடிக்க கேட்ச் கேன் வைப்பது நல்லது, ஆனால் ஒவ்வொரு 5000 கிலோமீட்டரிலும் வடிக்க வேண்டும். நிறைந்து அடைபட்டால் கிராங்க்கேஸ் அழுத்தம் ஏறி, டர்போ எண்ணெய் கீழே வடிய வழியில்லாமல் சீல் தாண்டிக் கசியும். பிறகு டர்போ கெட்டுவிட்டதாகச் சொல்லி மாற்றுவார்கள்.

ஏர் ஃபில்டரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நல்ல காகித ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுங்கள். கம்ப்ரஸர் காற்று அடித்துச் சுத்தம் செய்தால் காகிதம் உள்ளே கிழிந்து, தூசி டர்போ இறக்கையின் நுனியை அரிக்கும். எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர் காற்றளவு சென்சாரின் கம்பியில் எண்ணெயைப் படியவைத்து அளவைக் குழப்பும். காற்று உறிஞ்சும் வாயைக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோகும் ஸ்நார்க்கல் குழாய் பவர் தராது. முன்னால் போகிற வண்டியின் புழுதிக்கு மேலே கொஞ்சம் சுத்தமான காற்றைத் தரும்.

சூட்டின் கணக்கு

35 டிகிரி வெயிலில் டர்போ 1.2 பார் பூஸ்ட் அடித்தால், கம்ப்ரஸர் திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் காற்று சுமார் 145 டிகிரியில் வெளியே வரும். பூஸ்ட்டை 1.5 பாராக்கினால் 165-ஐத் தாண்டும். இன்டர்கூலர் அந்த 145-ஐ 60-க்கு இறக்கினால், அதே அழுத்தத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 25 சதவீதம் கூடுகிறது. ஒரு துளி டீசல் கூட்டாமல் கிடைக்கிற லாபம் இது.

ஸ்கார்பியோவில் இன்டர்கூலர் பானெட் துவாரத்துக்குக் கீழே, என்ஜின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. நாற்கரச் சாலையில் 80-இல் போகும்போது அது போதும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில் 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது மேலிருந்து காற்று வராது, கீழிருந்து என்ஜின் சூடு மட்டும் ஏறும். பவர் அதிகம் தேவைப்படும் இடத்தில்தான் அது கைவிடுகிறது. முன்பக்கத்துக்கு மாற்றினால் இந்தக் குறை தீரும், ஆனால் அது ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு தடுப்பு. குளிரூட்டும் அமைப்பு சரியில்லாத வண்டியில் முன் இன்டர்கூலர் வைத்தால் என்ஜின் சூடாகும். குழாய் 57 முதல் 63 மில்லிமீட்டர் போதும். அதைவிடப் பெரிதானால் நிரப்ப நேரமாகி, டர்போ பிடிப்பது தாமதமாகும்.

ரேடியேட்டரைக் கழற்றி, ஏசி கண்டென்சருக்கும் அதற்கும் இடையில் அடைந்திருக்கும் சேற்றையும் பூச்சியையும் எடுங்கள். பிரஷர் வாஷர் கூடாது, தகடு மடங்கும். கூலன்ட் காய்ச்சி வடித்த தண்ணீரோடு சரிபாதி. போர் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டரின் உள்ளே உப்புப் படிந்திருந்தால் கழுவுவது வீண், உள்ளிருக்கும் கோர் (குழாய்த் தொகுதி) பகுதியையே மாற்றுங்கள். விஸ்கஸ் ஃபேன் உள்ள வண்டியில், என்ஜின் நன்றாகச் சூடானதும் நிறுத்திவிட்டு ஃபேனைக் கையால் சுழற்றுங்கள். கைவிட்ட பிறகும் இரண்டு மூன்று சுற்று சுற்றினால் உள்ளிருக்கும் சிலிகான் எண்ணெய் போய்விட்டது. டேஷ்போர்டு ஊசியை நம்ப வேண்டாம். பல வண்டிகளில் அது 80-லிருந்து 100 டிகிரிக்கு மேல் வரை நடுவிலேயே நிற்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. ஓபிடி ரீடரை (வண்டியின் சோதனைச் செருகியில் மாட்டும் கருவி) செருகி போனில் உண்மையான எண்ணைப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, எந்த ரீமேப்புக்கும் முன்பாக மாட்ட வேண்டிய கருவி புகைவெப்ப மீட்டர். கே-வகை தெர்மோகப்பிள் (வெப்பத்தை அளக்கும் முனை), 1/8 அங்குல என்பிடி மரை. டர்போவுக்கு முன்னால், எக்ஸாஸ்ட் மெனிஃபோல்டில் நான்கு வழிகளும் சேரும் இடத்தில், முனை புகையோட்டத்தின் நடுவில் நிற்க வேண்டும். டர்போவுக்குப் பின்னால் வைப்பது எளிது என்று அங்கே வைக்கிறார்கள். முழு லோடில் அங்கே 100 முதல் 200 டிகிரி வரை குறைவாகக் காட்டும், அந்த வித்தியாசமும் நிலையானதல்ல. மெனிஃபோல்டைக் கழற்றாமல் துளையிட்டு, உள்ளே விழுந்த ஒரு இரும்புச் சீவல் டர்பைன் இறக்கையைத் தின்றுவிட்டால் மிச்சம் பிடித்த கூலியைப் போல் பல மடங்கு போகும். ஸ்டட்களில் முந்தின இரவே துரு எண்ணெய் விட்டு ஊறவையுங்கள்; கழற்றியதும் கேஸ்கெட்டைப் புதிதாகப் போடுங்கள்.

தொடர்ந்து ஏறும்போது 650 டிகிரிக்குள், ஓவர்டேக் செய்யும் சில விநாடிகளுக்கு 720 வரை என்பதை எல்லையாக வைத்துக்கொள்ளலாம். பிஸ்டன் அலுமினியக் கலவை, 600 டிகிரிக்கு முன்பே உருகத் தொடங்கும். ஒவ்வொரு எரிப்பும் சில மில்லி விநாடியே நீடிப்பதாலும், அடியிலிருந்து ஜெட் வழியாக எண்ணெய் பீய்ச்சிக் குளிர்விப்பதாலும்தான் அது தாங்குகிறது. மலையில் பத்து நிமிடம் தொடர்ந்து 750-இல் ஓட்டினால் பிஸ்டன் கிண்ணத்தின் உதடு முதலில் வெடிக்கும்.

பாக்ஸா, ரீமேப்பா

மலிவான பாக்ஸ், ரெயில் (உயர் அழுத்த டீசலைத் தேக்கிவைக்கும் குழாய்) பிரஷர் சென்சார் வயரின் நடுவில் செருகிக்கொண்டு, இருக்கும் அழுத்தத்தை இசியூவிடம் குறைத்துச் சொல்கிறது. இசியூ ஏமாந்து பம்பை மேலும் அழுத்துகிறது. இதில் ஒரு கணக்கு உண்டு: பீய்ச்சும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைத்தான் பின்தொடரும். 10 சதவீத அழுத்தம் கூட்டினால் டீசல் 5 சதவீதம்தான் கூடும். 20 சதவீத டீசல் வேண்டுமென்றால் அழுத்தம் 44 சதவீதம் ஏற வேண்டும். 1600 பாருக்கு வடிவமைத்த ரெயிலில் அதற்கு இடமே இல்லை. அதனால் "25 சதவீதம் பவர்" என்று அட்டையில் எழுதிய அழுத்தப் பெட்டி ஒன்று பொய் சொல்கிறது, இல்லையேல் பம்பைக் கொல்கிறது. தவிர, இசியூ தான் அனுப்பும் டீசலின் உண்மையான அளவை அறியாததால் புகைக் கட்டுப்பாட்டுக் கணக்கும் தவறுகிறது.

ரீமேப்பில் பூஸ்ட், பீய்ச்சும் நேரம், அழுத்தம், டார்க் எல்லை, புகை எல்லை (இருக்கும் காற்றுக்கு மேல் டீசல் போகாமல் தடுப்பது) எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும்படி மாற்றலாம். செய்பவரிடம் கேளுங்கள்: புகை எல்லையை வைத்திருக்கிறீர்களா? உயரத்துக்கேற்ற பூஸ்ட் குறைப்பை வைத்திருக்கிறீர்களா? இரண்டாவதற்குப் பதில் தடுமாறினால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். சென்னையில் 1.5 பார் பூஸ்ட் என்றால் டர்போ காற்றை 2.5 மடங்கு அழுத்துகிறது. ஊட்டியின் 2240 மீட்டரில் வெளிக்காற்றே சுமார் 0.77 பார்தான், அதே மொத்த அழுத்தத்தைப் பிடிக்க 3.2 மடங்கு அழுத்த வேண்டும். லடாக்கின் கார்துங் லாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதன் பாதியளவே. அங்கே எல்லையில்லாத ரீமேப் டர்போவை அதன் தாங்கும் சுழற்சிக்கு மேல் விரட்டி அச்சை முறிக்கும்.

120 குதிரைத்திறன் எம்ஹாக்கில், மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்தால், 145 குதிரைத்திறன், 340 நியூட்டன் மீட்டர் அளவோடு நிறுத்துவது எங்கள் யோசனை. டார்க்கை 1600 சுழற்சியில் திடீரென்று ஏற்றச் சொல்லாதீர்கள். உட்கார்ந்ததும் முதுகில் அடிக்கிற அந்த உணர்வு கனெக்டிங் ராடையும் கிளட்சையும் அடிக்கிற அடிதான். 2000 வரை சாய்வாக ஏறட்டும்.

கிளட்ச் தாங்குமா என்று பார்க்க, நான்காம் கியரில் 1600 சுழற்சியிலிருந்து முழுதாக மிதியுங்கள். வேகம் ஏறாமல் சுழற்சி மட்டும் தாவினால் கிளட்ச் வழுக்குகிறது. ரீமேப் போட்ட வாரத்திலேயே எரியும்.

டயரையும் கணக்கில் சேருங்கள். 245/75 ஆர் 16 டயரின் விட்டம் சுமார் 774 மில்லிமீட்டர். அழகுக்காக 33 அங்குலம் போட்டால் 838. கியர் விகிதம் 8 சதவீதம் நீண்டுவிட்டது, சக்கரத்தின் கனமும் கூடிவிட்டது. என்ஜினில் கூட்டிய பவரில் கணிசமான பங்கை டயரே தின்றுவிடும். இழுவை குறைந்ததாகச் சொல்லி வருபவரிடம் முதலில் டயர் எப்போது மாற்றியது என்று கேட்பது இதனால்தான்.

சட்டமும் பிறகும்

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (மாசு விதி) வண்டியில் டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) குடைந்தெடுப்பதை நாங்கள் செய்வதில்லை, செய்யவும் சொல்லமாட்டோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளரின் மூல விவரத்துக்கு மாறான மாற்றத்தைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ரீமேப்பைச் சொல்லாமல் மறைத்தால் விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ் கேள்வி கேட்கலாம், வாரண்டியும் போகும். டிபிஎஃப் உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைந்த என்ஜின் எண்ணெய்தான். பழைய வகை டீசல் என்ஜின் எண்ணெய் ஊற்றினால் ஃபில்டர் நிரந்தரமாக அடைபடும்.

வேலை முடிந்ததும் ஒரே சமதளச் சாலையில், ஒரே சுமையோடு, மூன்றாம் கியரில் 1500-லிருந்து 3500 சுழற்சி வரை எத்தனை விநாடி என்று அளந்து, வேலைக்கு முன் எடுத்த அளவோடு ஒப்பிடுங்கள். இரு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுங்கள். எண்ணெய் மாற்றும் இடைவெளியைப் பாதியாக்குங்கள். மலை ஏறி நின்றதும் ஒன்றிரண்டு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். டர்போ அச்சில் நிற்கும் எண்ணெய் கரியாகாது. மூல மென்பொருள் கோப்பை, ரீமேப் செய்த டியூனரிடம் கேட்டு வாங்கி, உங்கள் பென்டிரைவிலும் ஒரு பிரதி வையுங்கள். சர்வீஸ் சென்டரில் இசியூவைப் புதுப்பித்தால் ரீமேப் அழிந்துவிடும்; வண்டி திடீரென்று சோம்பேறியானால் முதலில் அதைக் கேளுங்கள்.