ஏப்ரலில் இடுப்பளவு, அக்டோபரில் பத்து மீட்டர்

கம்போடியாவின் நடுவில் கிடக்கும் தொன்லே சாப் ஏரியை ஏப்ரல் மாதத்தில் போய்ப் பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். தென்கிழக்கு ஆசியாவின் மிகப் பெரிய நன்னீர் ஏரி என்று பெயர். ஆனால் அப்போது அங்கே இருப்பது ஒரு மீட்டர் சொச்சம் ஆழமுள்ள கலங்கல் தண்ணீர். பல இடங்களில் இறங்கி நின்றால் இடுப்புக்குத்தான் வரும், படகு தரை தட்டும். பரப்பு சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். அதே ஏரி அக்டோபரில் ஒன்பது, பத்து மீட்டர் ஆழத்துக்கு ஏறி, நல்ல மழை ஆண்டுகளில் 15,000 சதுர கிலோமீட்டர் வரை விரிந்துவிடுகிறது. 1296-ல் சீனத் தூதுக்குழுவோடு கம்போடியாவின் அன்றைய தலைநகரான அங்கோருக்கு வந்த சோ தாகுவானும் இதைக் கண்டு வியந்து எழுதிவைத்தார்: பெரிய மரங்கள்கூட முழுகி, நுனி மட்டும் வெளியே தெரிகிறது என்று.

இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது? சுற்றியுள்ள மலைகளிலிருந்து சிற்றாறுகள் வந்து சேர்கின்றன, மழையும் பெய்கிறது. ஆனாலும் பாதிக்கு மேல் வருவது மேகாங் ஆற்றிலிருந்து. வருகிற விதம்தான் அதிசயம்.

ஏரியிலிருந்து தெற்கே சுமார் 120 கிலோமீட்டர் ஓடி, தலைநகர் நோம் பென்னில் மேகாங்கோடு சேர்கிறது ஓர் ஆறு. அதன் பெயரும் தொன்லே சாப்தான். கோடையில் ஏரியின் நீர்மட்டம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் உயரம். அதனால் அந்த ஆற்றுக்குச் சரிவு என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது. மே, ஜூனில் பருவமழை பிடித்ததும் மேகாங் மளமளவென்று ஏறும். நோம் பென்னில் அதன் மட்டம் ஏரியின் மட்டத்தைத் தாண்டியதும் ஆறு அப்படியே திரும்பிக்கொள்கிறது. நேற்றுவரை ஏரியிலிருந்து வந்த தண்ணீர் இன்று ஏரியை நோக்கிப் போகிறது. மேகாங் வடியத் தொடங்கும்வரை, அதாவது அக்டோபர் வாக்கில்வரை, இதே கதைதான். பிறகு ஆறு மறுபடி தெற்கே திரும்பும். அதையொட்டி நோம் பென்னில் நடக்கும் நீர்த்திருவிழாவில் படகுப் போட்டி பார்க்க ஊரே கரையில் கூடும்.

ஏரியைச் சுற்றியுள்ள நிலம் தாம்பாளம் போலத் தட்டையானது. தண்ணீர் ஒரு மீட்டர் ஏறினால் கரை கிலோமீட்டர் கணக்கில் பின்னால் போகும். அப்படி முழுகுகிற நிலத்தில் காடும் புதரும் புல்வெளியும் இருக்கின்றன. ஏரியின் மீன்வளமெல்லாம் இந்தக் காட்டில்தான் விளைகிறது என்பதை நாம் எளிதில் கவனிப்பதில்லை. இலை, காய், பழம், பூச்சி, புழு, அழுகும் புல், கிளைகளில் படியும் பாசி எல்லாம் மீனுக்குத் தீனி. மேகாங் கொண்டுவரும் வண்டலும் மரங்களுக்கிடையே வேகம் குறைந்து பெரும்பாலும் அங்கேயே படிந்துவிடுகிறது. இத்தனை ஆழமில்லாத ஏரி ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தூர்ந்துபோகாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மீன்களில் இரண்டு வகை. விரால், பனையேறிக் கெண்டை போன்றவை அங்கேயே தங்குபவை. நம் குளங்களில் இருக்கும் அதே மீன்கள்தான். முழுகிய புல் அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துவிடும். இவை மேலே வந்து காற்றை நேரடியாகவே சுவாசித்துச் சமாளித்துக்கொள்ளும். இன்னொரு வகை பயணிகள். அவை மழையின் தொடக்கத்தில் மேகாங்கின் மேல்பகுதியில் முட்டையிடுகின்றன. கண்ணுக்கு எட்டாத பொடிக் குஞ்சுகள் வெள்ளத்தோடு மிதந்து வந்து, நோம் பென்னில் திரும்பி ஓடும் ஆற்றில் மாட்டி, நீந்தாமலே காட்டுக்குள் போய்ச் சேர்கின்றன. நாலைந்து மாதம் அங்கே தின்று வளர்ந்து, தண்ணீர் வடியும்போது கூட்டமாக மேகாங்குக்குத் திரும்புகின்றன.

அந்தக் கூட்டத்துக்காகத்தான் ஆற்றின் குறுக்கே வரிசை வரிசையாக 'தாய்' வலைகள் காத்திருக்கின்றன. 'தாய்' (dai) என்பது அந்த ஊர்ப் பெயர், நம் 'தாய்' அல்ல. நூறு மீட்டருக்கும் நீளமான, புனல் வடிவப் பை வலை அது. நங்கூரம் பாய்ச்சி ஒரே இடத்தில் நிறுத்தியிருப்பார்கள், ஓட்டமே மீனைக் கொண்டுவந்து தள்ளும். டிசம்பர், ஜனவரியில் பௌர்ணமிக்குச் சில நாட்கள் முன்னால்தான் மீன்பாடு அதிகம். அந்த நாட்களில் வலையின் வால்முனையை அடிக்கடி தூக்கிக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதிகம் விழுவது விரல் நீளமுள்ள 'ரியல்' என்ற வெள்ளி நிறப் பொடிமீன். நாட்டின் நாணயத்துக்கும் அதே பெயர்தான், மீனிலிருந்து வந்தது என்றே மக்கள் சொல்கிறார்கள். நெல் விவசாயிகள் அப்போது கரைக்கு வந்து மூட்டை மூட்டையாக வாங்குவார்கள். தலையைக் கிள்ளி, கூடையில் போட்டுக் காலால் மிதித்து, செதிலும் கொழுப்பும் போக அலசி, உப்பிட்டு வெயிலில் காயவைத்து ஜாடியில் அடைத்தால் மாதக்கணக்கில் ஊறி 'ப்ரஹோக்' ஆகும். அந்த வாடை இல்லாத கம்போடியச் சமையலறை அபூர்வம்.

இவ்வளவும் வெள்ளம் சரியான நேரத்தில், சரியான உயரத்துக்கு வருவதை நம்பியே இருக்கிறது. 2019-லும் 2020-லும் ஆறு தாமதமாகத் திரும்பியது, ஏரியும் நிறையவில்லை. மழை குறைவு ஒரு காரணம். மேகாங்கின் மேல்பகுதியில் கட்டிய அணைகள் மழைக்காலத்தில் தண்ணீரைப் பிடித்துவைத்துக் கோடையில் திறந்துவிடுவது இன்னொன்று. ஆற்று மணலை அள்ளி அள்ளிப் படுகை தாழ்ந்து, மேகாங்கின் மட்டம் இறங்கியதும் சேர்ந்துகொண்டது.

கோடையில் கூடுதல் தண்ணீர் வந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் காட்டின் தாழ்ந்த ஓரத்து மரங்களுக்கு வருடத்தில் சில மாதமாவது வேர் காய வேண்டும், எந்நேரமும் தண்ணீரில் நின்றால் அவை செத்துவிடும். மேட்டு ஓரத்துக்கோ வெள்ளம் எட்டுவதில்லை. அங்கே புதரை வெட்டி நெல் போடுகிறார்கள், காய்ந்த காடு எளிதில் பற்றிக்கொள்கிறது. 2016 கோடையில் முழுகுகாட்டின் பெரும்பகுதிகள் எரிந்தன. அந்த ஆண்டு ஆறு திரும்பியபோது, குஞ்சுகள் போய்ச் சேர்ந்த பல இடங்களில் கரிந்த அடிமரங்கள்தான் நின்றன.