லேசருக்குப் பிறகு கண்ணீரில் நடப்பது

கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையில் நல்ல கண்ணே காய்ந்து உறுத்தும். லேசர் செய்த கண்ணின் பாட்டைக் கேட்கவே வேண்டாம். கண்ணாடியைக் கழற்றும் ஆசையில் சிகிச்சை செய்துகொண்டவர்கள் முதல் நாட்களில் கேட்பது இதைத்தான்: லேசர் சுட்டது கொஞ்ச நேரம்தானே, ஏன் இப்படி நீர் வடிகிறது?

உண்மையில் இந்த லேசர் சுடுவதில்லை. 193 நனோமீற்றர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர், கண்ணின் முன்புறம் ஒளியை உள்ளே விடும் விழிவெண்படலத்தின் (கோர்னியா) மூலக்கூறுப் பிணைப்புகளை அறுத்து மெல்லிய படைகளாக ஆவியாக்குகிறது. அரை மில்லிமீற்றர் அளவே தடிப்புள்ள அந்தப் படலத்தில் குருதிக் குழாய் கிடையாது. இருந்தால் பார்வை தெளியாது. அதனால் தோல் காயத்தில் குருதி செய்யும் வேலையில் பெரும்பங்கை இங்கே கண்ணீர் செய்கிறது.

பிஆர்கே என்ற லேசர் முறையில், படலத்தின் மேற்புறக் கலப்படையான மேலணியை அகற்றிவிட்டுத்தான் லேசரைப் பாய்ச்சுவார்கள். சிதைந்த மேலணிக் கலங்களிலிருந்து அழற்சியைத் தூண்டும் சைகைப் புரதமான இன்டர்லூக்கின்-1 கசியும். அது பட்டதும் அடியிலுள்ள கலங்களில் ஒரு பகுதி தானாகவே மடிந்துபோகும். மிஞ்சியவை விழித்துப் பெருகிப் பழுதுபார்க்கும். கண்ணீரில் இன்டர்லூக்கின்-6, 8 ஏறும். இவற்றில் இன்டர்லூக்கின்-8, வெள்ளைக் குருதிக் கலங்களை அழைத்துவரும். கூடவே வரும் வளர்ச்சிக் காரணிகள் ஓரத்துக் கலங்களை நடுவுக்கு நகர்த்த, மூன்று முதல் ஐந்து நாட்களில் காயம் மூடிவிடும்.

சரி, அழற்சி நல்லதுதானே? அளவோடு இருந்தால். எம்எம்பி-9 என்ற நொதி சிதைந்த புரதத்தை வெட்டி அகற்றும். அளவுக்கு மிஞ்சினால் புதிய மேலணி ஒட்டவேண்டிய அடித்தளத்தையும் வெட்டும். டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிக் காரணி நீடித்தால், பழுதுபார்க்கும் கலங்கள் ஒளி ஊடுருவாத வகையாக மாறிப் பார்வையில் மங்கல் விழும். ஸ்டெரொய்ட் சொட்டு மருந்து கொடுப்பது இதை அடக்கத்தான். கடும் வெயிலின் புற ஊதாக் கதிரும் மங்கலைக் கூட்டக்கூடும் என்பதால், நிலாவெளிக் கடற்கரைக்குக் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் போவது வீண் வீரம்.

படலத்தில் மெல்லிய மடலொன்றை வெட்டித் தூக்கி, அதன் அடியில் லேசரைப் பாய்ச்சும் முறை லேசிக். அதில் மேலணி பெரும்பாலும் தப்பிவிடும், மங்கலும் அரிது. ஆனால் மடலை வெட்டும்போது நரம்புகளும் அறுபடும். கண் காய்வதை மூளைக்குச் சொல்ல ஆளில்லாததால் கண்ணீர் குறையும், உப்புச் செறிவு ஏறும், அழற்சி திரும்பவும் கிளம்பும். கச்சான் அந்தக் கொஞ்சத்தையும் உலர்த்திவிடும். உறுத்தல் இல்லையென்று செயற்கைக் கண்ணீரை நிறுத்துபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்: உணர்வு குறைந்த கண் காய்ந்தாலும் முறையிடாது. நரம்புகள் ஓரளவு மீளவே ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் பிடிக்கும்.