பச்சை வெளிச்சத்துக்காகத் திகதியைத் தள்ள வேண்டாம்

மட்டக்களப்பில் புற்றுநோய் கிளினிக்குக்கு வருகிறவர்கள் அண்மைக்காலமாக ஒரு வட்ஸ்அப் வீடியோவைக் காட்டுகிறார்கள். சத்திரசிகிச்சைக்கூடத்தின் விளக்குகள் அணைகின்றன, வயிற்றுக்குள் கட்டி மட்டும் பச்சையாக மின்னுகிறது, வைத்தியர் அதை மட்டும் எடுக்கிறார். "அந்த லைட் உள்ள இடத்துக்கே அம்மாவைக் கொண்டு போவமா டொக்டர்?" என்று மகன்மார் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பதில் கிடைக்கும் முன்பே, சத்திரசிகிச்சைக்குக் கொடுத்த திகதிக்கு வராமல் காசு சேர்க்கத் தொடங்கிவிடுகிறார்களே, அதுதான் எனக்குப் பெரிய கவலை.

புற்றுநோய்க் கட்டியைக் கூழாங்கல் போல அப்படியே தூக்கி எடுக்க முடியாது. வயலில் கோரையைப் பிடுங்கினால் புல் கையோடு வரும், கிழங்கு சேற்றுக்குள் நின்றுவிடும் அல்லவா? கட்டியின் ஓரமும் அப்படித்தான், கண்ணுக்கு நல்ல தசையாகத் தெரியும் இடத்திலும் நோய்க் கலங்கள் இருக்கலாம். மார்பகத்தில் கட்டியை மட்டும் எடுத்த பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஓரத்தைத் திரும்ப வெட்ட நேரிடுவதாக வெளிநாட்டுக் கணக்குகள் சொல்கின்றன. இந்த ஓரத்தைக் கூடத்துக்குள்ளேயே காட்டித் தர முடியுமா என்பதற்காக வந்ததுதான் ஒளிரும் சாயம்.

வீடியோவில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இன்டோசயனின் கிரீன். அமெரிக்காவில் 1959 இலேயே அனுமதி பெற்ற பழைய மருந்து. இரத்த நாளத்தில் ஏற்றியதும் இரத்தத்தோடு ஓடும், ஈரல் அதைப் பிரித்துப் பித்தத்தில் விடும். அது வெளிவிடும் ஒளி அகச்சிவப்பு, நம் கண்ணுக்குத் தெரியாது. தனிக் கமரா அதைப் பிடித்துத் திரையில் பச்சை நிறம் கொடுக்கிறது. தசைக்குள் சில மில்லிமீற்றரிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் வரைதான் இந்த ஒளி ஊடுருவும். ஆழத்தில் கிடப்பதை அது காட்டாது. அதைவிட முக்கியமானது, இந்தச் சாயத்துக்குப் புற்றுநோய் எது, நல்ல தசை எது என்று தெரியாது. இரத்தமும் நிணநீரும் போகும் வழியைத்தான் காட்டும். குடலை வெட்டிப் பொருத்தும்போது பொருத்திய இடத்துக்கு இரத்தம் வருகிறதா என்று பார்க்க அது அருமையான உதவி.

மூளைக் கட்டியில் கதை வேறு. 5-அமினோலெவுலினிக் அசிட் என்ற மருந்தை மயக்கம் கொடுப்பதற்குச் சுமார் 3 மணித்தியாலம் முன்பு குடிக்கக் கொடுப்பார்கள். வீரியமான கிளையோமா என்ற மூளைக் கட்டி வகையின் கலங்கள் அதைத் தமக்குள் வேறொரு பொருளாக மாற்றிச் சேர்த்துக்கொள்ளும். நீல ஒளி பட்டால் அந்த இடம் சிவப்பாக ஒளிரும். 2006 இல் வெளியான ஜெர்மன் ஆய்வில், இந்த முறையில் 65 வீதமானோருக்குக் கட்டி முழுமையாக எடுக்கப்பட்டது, வழமையான வெள்ளை ஒளியில் 36 வீதம். அதனால் உயிர்வாழும் காலம் தெளிவாகக் கூடியது என்று அந்த ஆய்வு காட்டவில்லை. இருந்தாலும் பெரிய முன்னேற்றம் என்றே நான் நினைக்கிறேன். மருந்து குடித்தவர் ஒன்றிரண்டு நாள் வெயிலிலும் கடும் வெளிச்சத்திலும் படக்கூடாது. உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த வகைக் கட்டி என்றால், நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணரிடம் இதைப் பற்றி வாய்விட்டுக் கேளுங்கள்.

புற்றுநோயையே தேடி ஒட்டும் சாயங்களும் வந்துவிட்டன. பஃபோலசயனின் அமெரிக்காவில் 2021 இல் சூலகப் புற்றுநோய்க்கும், 2022 இல் நுரையீரலுக்கும் அனுமதி பெற்றது. மார்பகத்துக்கான பெகுலிசயனின் 2024 இல் வந்தது. அவையும் சிலவேளை நல்ல தசையில் ஒளிரும், நோயுள்ள இடத்தில் ஒளிராமலும் விடும்.

சரி, இந்தக் கமரா இல்லாத கூடத்தில் என்ன நடக்கிறது? மார்பகத்தையே எடுத்துக்கொள்வோம். முலைக்காம்பைச் சுற்றி நீலச் சாயம் ஏற்றி, ஐந்து நிமிடம் மெதுவாகத் தேய்ப்போம். பிறகு அக்குளில் சிறிய வெட்டு. கொழுப்புக்குள் நீல நூல் போல ஒரு நிணக்குழாய் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டே போனால், நோய் பரவினால் முதலில் போய்ச் சேரும் நெறிக்கட்டி, நீலமாக நிற்கும். அது சுத்தம் என்றால் மற்ற நெறிகளை விட்டுவிடலாம், பிற்காலத்தில் கை வீங்கும் ஆபத்து குறையும். வயல் வேலை, பாய் இழைக்கும் வேலை செய்கிற பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. அடுத்த நாள் சிறுநீர் நீலப்பச்சையாகப் போகும், பயப்பட வேண்டாம். நீலச் சாயத்தை மட்டும் பாவிப்பதைவிட இன்டோசயனின் கிரீன் நெறிகளைக் கூடுதலாகக் கண்டுபிடிக்கிறது என்பது உண்மை. ஆனால் நீலமும் பல்லாண்டாகப் பரீட்சிக்கப்பட்ட முறை.

எடுத்த கட்டியின் மேற்பக்கத்தில் ஒரு குட்டை நூல், வெளிப்பக்கத்தில் ஒரு நீள நூல் தைத்து அனுப்புவோம். நோயியல் நிபுணர் அந்த நூல்களை வைத்துத் திசை அறிந்து, வெளிப்புறம் முழுக்க மை பூசி, மெல்லிய துண்டுகளாக வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார். பரவும் வகை மார்பகப் புற்றுநோயில் மை பட்ட இடத்தில் நோய்க் கலம் இல்லை என்றால் ஓரம் சுத்தம். பச்சை ஒளியில் செய்த சத்திரசிகிச்சைக்கும் கடைசித் தீர்ப்பு இந்த மைதான். அதனால் ரிப்போட் வந்ததும் "ஓரம் சுத்தமா?" என்று கேளுங்கள். இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு, எனக்கு அது மனவருத்தம்.

அப்புறம், வெற்றிலை போடுகிறவர்களுக்கு ஒன்று. வாய்க்குள் வெள்ளைப் படையோ இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண்ணோ இருந்தால் அதைக் காண எந்தச் சாயமும் தேவையில்லை, ஒரு டோர்ச் போதும். களுவாஞ்சிக்குடியிலோ வாழைச்சேனையிலோ அரச பல் வைத்தியரிடமே காட்டலாம்.

கொழும்புக்கோ சென்னைக்கோ போய் இரண்டாவது ஆலோசனை கேட்பது உங்கள் உரிமை. இங்கே கிடைத்த திகதியை ரத்துச் செய்யாமல் கேளுங்கள். போகும்போது ஸ்கேன் படத்தோடு நிற்காமல், பயொப்சி (கட்டியில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) ரிப்போட்டின் பிரதியையும், அந்தத் துண்டைப் பதித்து ஆய்வுகூடத்தில் வைத்திருக்கும் மெழுகுக் கட்டிகளையும் கண்ணாடித் தகடுகளையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். அவை கையில் இருந்தால் பயொப்சியைத் திரும்பச் செய்ய வேண்டிய தேவை பெரும்பாலும் வராது.