பழைய ஓனர் கணக்கு முடிஞ்சுதா?

காசிமேட்டில் ஐஸ் என்றால் மீன் மேல் கொட்டுகிற ஐஸ்தான். அதன்மேல் மட்டை பிடித்து ஆடுகிறார்கள் என்றால், "வழுக்கி வுழுந்தா பல்லு பூடும்" என்பார்கள். ஐஸ் ஹாக்கி ஆடுபவர்களுக்குப் பல் போவது சாதாரண விஷயம் என்பதால் அதுவும் சரிதான். ஆனால் அந்த ஆட்டத்தில் ஆள் மாறுகிற விதம் இருக்கிறதே, அதைக் காசிமேட்டுக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

விசைப்படகில் புதிதாக வேலை கேட்டு ஒருவர் வந்தால், "முன்னாடி எந்த போட்டு? பழைய ஓனர் கணக்கு முடிஞ்சுதா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அட்வான்ஸ் வாங்கியவர் அதைத் தீர்க்காமல் வேறு படகில் ஏற முடியாது. ஏற வேண்டுமானால் புது ஓனர் அந்தப் பணத்தைக் கட்டி அவரை விடுவிக்க வேண்டும். இதற்குப் பத்திரம் கிடையாது. கடலுக்குள் போட்டி போடுகிற ஓனர்கள் கரையில் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போகிறார்கள்.

ஏன் ஒத்துப்போகிறார்கள் என்பதற்குக் கணிதத்தில் பழைய புதிர் ஒன்று உண்டு, கைதிகளின் குழப்பம் என்று பெயர். நான் உன் ஆளை இழுத்து நீ சும்மா இருந்தால் எனக்கு லாபம். இருவரும் இழுத்தால் சம்பளம் ஏறி இருவருக்குமே நஷ்டம். ஒரே ஒரு நாள் ஆட்டமென்றால் இழுப்பதுதான் புத்திசாலித்தனம். நாளையும் மறுநாளும் இதே முகத்தில்தான் விழிக்க வேண்டும் என்றால் கணக்கு மாறுகிறது. 1980 வாக்கில் ராபர்ட் ஆக்சல்ராட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கம்ப்யூட்டர் புரோகிராம்களை இந்த ஆட்டத்தில் மோதவிட்டார். ஜெயித்தது, அனடோல் ராபபோர்ட் அனுப்பிய குட்டி புரோகிராம். முதலில் நல்லபடியாக நடந்துகொள், பிறகு எதிராளி என்ன செய்தானோ அதையே திருப்பிச் செய். அவ்வளவுதான் அதன் மூளை.

ஹாக்கியில் இந்த ஆட்டம் முதலில் வட அமெரிக்காவுக்குள்ளேயே நடந்தது. 1917இல் தொடங்கிய என்எச்எல் என்ற ஹாக்கி லீக் பல வருடம் தனிக்காட்டு ராஜா. 1972இல் டபிள்யூஎச்ஏ என்ற போட்டி லீக் வந்து, சிகாகோவின் நட்சத்திரம் பாபி ஹல்லுக்குப் பத்து லட்சம் டாலரை முன்பணமாக மட்டும் கொடுத்து வின்னிபெக்குக்கு இழுத்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆள் எங்களுக்குத்தான் என்ற என்எச்எல்லின் ஷரத்து அதே ஆண்டு கோர்ட்டில் நிற்கவில்லை. ஆட்டக்காரர்களின் சம்பளம் ஏறியது. ஏழு வருடம் பணத்தை வாரி இறைத்தபிறகு, 1979இல் டபிள்யூஎச்ஏ மூடப்பட்டு அதன் நான்கு அணிகள் என்எச்எல்லில் சேர்ந்தன. ஓனர்கள் சண்டை போட்ட அந்த ஏழு வருடம்தான் ஆட்டக்காரர்களுக்குப் பொற்காலம். சமாதான ஒப்பந்தம் என்று கேட்டதும் கைதட்டுவதற்கு முன் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். அட்வான்ஸில் மாட்டிக்கொண்டு படகு மாற முடியாமல் கிடப்பவரைக் கேட்டுப் பாருங்கள்.

கடல் தாண்டியதும் சிக்கல் கூடுகிறது. வியாசர்பாடியில் ஃபுட்பால் ஆடுகிற பையன் கிளப் மாற என்ஓசி கேட்டு நடப்பதுபோல, ஒரு நாட்டு ஹாக்கி சங்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக ஐஐஎச்எஃப் என்ற உலக சம்மேளனத்தின் டிரான்ஸ்ஃபர் கார்டு வேண்டும். என்எச்எல்லோ அந்தச் சம்மேளனத்தின் உறுப்பினரே அல்ல. அதனால் தனி ஒப்பந்தம் போட்டார்கள்: ஐரோப்பிய கிளப்பிலிருந்து ஆள் எடுத்தால் தலைக்கு சுமார் 2 லட்சம் டாலர். சின்ன வயதிலிருந்து வளர்த்து ஆளாக்கிய பையனுக்கு இதுதானா விலை என்று ரஷ்யா கையெழுத்துப் போட மறுத்தது.

விளைவு 2006இல் தெரிந்தது. மக்னிதோகோர்ஸ்க் நகர அணியில் ஆடிய எவ்கேனி மால்கின், புதிதாக ஒரு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட சில நாட்களிலேயே, பயிற்சிக்காக அணியோடு ஹெல்சின்கியில் இறங்கியதும் காணாமல் போனார். ரஷ்யத் தொழிலாளர் சட்டப்படி இரண்டு வார நோட்டீஸ் கொடுத்தால் வேலையை விடலாம். அதை ஃபேக்ஸில் அனுப்பிவிட்டு என்எச்எல்லின் பிட்ஸ்பர்க் அணியில் ஆடினார். கிளப் அமெரிக்க கோர்ட்டுக்குப் போயும் தடுக்க முடியவில்லை.

திருப்பிக் கொடுக்க ரஷ்யாவுக்கு இரண்டு வருடம் ஆனது. 2008இல் பிறந்த கேஎச்எல் என்ற ரஷ்ய லீக், என்எச்எல்லின் நாஷ்வில் அணியோடு இன்னும் ஒரு வருட ஒப்பந்தம் பாக்கியிருந்த அலெக்சாண்டர் ராதுலோவை உஃபா நகரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனது. நான்கு சீசன் அவர் அங்கேதான் ஆடினார். ராபபோர்ட்டின் புரோகிராம் இதைப் பார்த்திருந்தால் தலையாட்டியிருக்கும்.

பிறகுதான் இரு லீக்குகளும் புரிந்துணர்வு ஒப்பந்தத்துக்கு வந்தன. சாரம் ஒரே வரி: உன்னிடம் ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறவனை நான் தொடமாட்டேன், நீயும் தொடாதே. டிரான்ஸ்ஃபர் பணமெல்லாம் கிடையாது. அப்போது கேஎச்எல் ஒப்பந்தங்கள் ஏப்ரல் 30இல் முடிந்தன, மறுநாள் முதல் போகிறவர் போகலாம். இங்கே ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், படகு மாறுகிறவர்கள் மாறுவதற்கு அதுதான் தோது. ஏறக்குறைய ஒரே பருவம்.

ஓட்டை இல்லாமல் இருக்குமா? 2013இல் இலியா கோவல்சுக், என்எச்எல்லின் நியூ ஜெர்சி அணியில் 12 வருடமும் 7.7 கோடி டாலரும் பாக்கி இருக்கும்போது, 30 வயதில் 'ஓய்வு' அறிவித்தார். ஓய்வு பெற்றால் ஒப்பந்தம் செத்தது. செத்த ஒப்பந்தத்தை மதிப்பதற்கு என்ன இருக்கிறது? உடனே செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அணியில் ஆட இறங்கினார்.

2022இல் உக்ரைன்மீது ரஷ்யா படையெடுத்ததும் என்எச்எல் அந்தப் புரிந்துணர்வு ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தது. நாளைக்கும் இவன் முகத்தில் விழிக்க வேண்டும் என்ற பயம் போனது. கோல்கீப்பர் இவான் ஃபெதோதோவ் 2022இல் என்எச்எல்லின் ஃபிலடெல்ஃபியா அணியோடு கையெழுத்திட்டார். ஜூலையில் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் பிடிக்கப்பட்டு ராணுவ சேவைக்கு அனுப்பப்பட்டார். அது முடிந்ததும், ஃபிலடெல்ஃபியா ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்போதே, 2023இல் மாஸ்கோவின் சிஎஸ்கேஏ கிளப் அவரை எடுத்துக்கொண்டது. ஐஐஎச்எஃப் அவருக்கு நான்கு மாதத் தடையும், கிளப்புக்கு ஒரு வருடம் வெளிநாட்டு ஆள் எடுக்கத் தடையும் போட்டது. ரஷ்ய லீக் கண்டுகொள்ளாமல் அவரை ஆடவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், 2024 மார்ச்சில் அதே சிஎஸ்கேஏ அவரை விடுவித்தது, அவர் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய்ச் சேர்ந்தார். அந்தக் கோடையில், 2026 வரை செயின்ட் பீட்டர்ஸ்பர்கோடு கட்டுப்பட்டிருந்த மத்வேய் மிச்கோவும் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டு அதே ஊருக்கு வந்தார். அவரைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்த அமெரிக்க அணி, பழைய கணக்கு முடிகிறவரை காத்திருந்துதான் கையெழுத்து வாங்கியது.